கத்தி சற்றுப் பொறுக்கட்டும்!

வீட்டில் ஒருவருக்குக் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி கண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த அதிர்ச்சி சற்று அடங்கியதும் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான்: "அறுத்து எடுத்துவிடலாமா?" எடுக்கலாம் என்று பதில் வந்தால் போன உயிரில் பாதி திரும்பிவிடும். அடுத்த கேள்வி, "எப்போது?" என்பது. நாளைக்கே என்றால் நல்லது. இன்றைக்கே என்றால் இன்னும் நல்லது. பாம்பு வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அதைக் கூடத்தில் வைத்துக்கொண்டு யாரால் தூங்க முடியும்?

இந்த நிலைமையில் ஒரு டாக்டர், "அறுக்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். சில வாரங்கள் கட்டி உள்ளேயே இருக்கட்டும். அதற்குள் ஒரு மருந்தை இரண்டு மூன்று தடவை ரத்த நாளத்தில் ஏற்றுவோம். பிறகு கத்தியை எடுக்கலாம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? "இந்த மனிதருக்குச் சித்த ஸ்வாதீனம் இருக்கிறதா?" என்றல்லவா தோன்றும்? ஆயினும், அமெரிக்காவில் நியூயார்க், பால்ட்டிமோர், ஹூஸ்டன் ஆகிய நகரங்களிலும், சீன தேசத்திலும் கைதேர்ந்த ரண சிகிச்சை நிபுணர்கள் சென்ற சில ஆண்டுகளாக இப்படித்தான் சொல்லி வருகிறார்கள். சொல்வதோடு நில்லாமல் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சில் என்ன நியாயம் இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் கல்லீரலைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் உடலின் உட்புற உறுப்புகளில் இதுவே பெரியது. வளர்ந்த மனிதனுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். வாழை மரத்தை வெட்டினால் மறுபடி தளிர்ப்பதுபோல், ஆரோக்கியமான கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் மிச்சமிருக்கும் பங்கு வளர்ந்து குறையை ஈடு செய்துகொண்டு விடும். வேறு எந்த உள்ளுறுப்புக்கும் இந்தப் பாக்கியம் இந்த அளவுக்குக் கிடையாது. ஆகவே, கட்டி இருக்கும் பகுதியை மட்டும் அறுத்து எடுப்பது என்பது கல்லீரலைப் பொறுத்தவரையில் நல்ல யோசனைதான்.

ஆனால் துரதிர்ஷ்டம் என்னவென்றால், கல்லீரலில் தோன்றும் புற்று பெரும்பாலும் ஆரோக்கியமான கல்லீரலில் தோன்றுவதில்லை. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்னும் வைரஸ் கிருமிகள் வருஷக் கணக்காகக் குடியிருந்து கெடுத்த கல்லீரலிலும், மதுவினால் புண்பட்ட கல்லீரலிலும், கொழுப்புப் படிந்து இறுகிப்போன கல்லீரலிலும்தான் அது பெரும்பாலும் முளைக்கிறது. வேர்க்கடலையிலும் சோளத்திலும் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சும் இதற்குத் துணை செய்கிறது. ஒரு முளையைக் கிள்ளி எடுத்தாலும், நிலம் அதே நிலமாக இருப்பதால் இன்னொரு முளை கிளம்புகிறது. போதாதற்கு, அறுக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத புற்று அணுக்கள் அக்கம் பக்கத்தில் சிதறி ஒளிந்திருக்கக்கூடும். அறுத்துச் சுத்தமாக எடுத்துவிட்டோம் என்று ஸர்ஜன் கை கழுவிய பிறகும், ஐந்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு எழுபது பேர் வரையில் இந்நோய் திரும்பி வந்துவிடுகிறது. கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் கண்ணுக்குப் புலப்படாததை அது எப்படி வெட்டும்?

(இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன காரணங்களில் ஹெபடைடிஸ் பி கிருமியைக் குழந்தைப் பருவத்திலேயே ஓர் ஊசியினால் தடுத்துவிடலாம். 1984-ஆம் ஆண்டில் தைவான் தீவில் குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போட ஆரம்பித்தார்கள். பிற்பாடு அங்கே சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்று வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் நாட்டிலும் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடவேண்டிய ஊசிகளில் இது ஒன்று. இதற்குச் சோம்பக் கூடாது.)

நோய் திரும்பி வருவதைத் தடுக்க என்ன செய்யலாம்? சிதறி ஒளிந்திருக்கும் அணுக்களைத் தேடிப் பிடிக்கக் கூடிய காவல் படை ஒன்று நம் ரத்தத்திலேயே இருக்கிறது. டி அணுக்கள் என்று பெயர் பெற்ற ஒருவகை வெள்ளை அணுக்களே அந்தப் படை. அவற்றைப் புற்றின்மேல் ஏவலாம் என்ற எண்ணம் புதியதன்று. 1891-ஆம் ஆண்டில், இந்த அணுக்களைப் பற்றி ஒருவரும் அறிந்திராத காலத்திலேயே, நியூயார்க் நகரத்து ஸர்ஜன் வில்லியம் கோலி என்பவர் இந்த முயற்சியில் இறங்கினார். பலமுறை அறுத்தும் வளர்ந்து கொண்டே இருந்த கழுத்துக் கட்டியுடன் ஒரு நோயாளி ஆஸ்பத்திரியில் கிடந்ததாகப் பழைய ஏடுகளில் அவர் படித்தார். அந்த நோயாளிக்குத் தோல் சிவந்து வீங்கிக் கடும் ஜுரம் காணும் ஒரு தொற்று நோய் வந்ததாம். ஜுரம் நீங்கியபோது கட்டியும் மறைந்துவிட்டதாம்! கோலி சும்மா இருக்கவில்லை. நகரத்துச் சந்து பொந்துகளில் எல்லாம் தேடி அலைந்து, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்த அந்த மனிதரைக் கண்டு பிடித்தார். பிறகு அதே கிருமிகளைத் தம்முடைய நோயாளிகளின் உடலில் செலுத்திப் பார்த்தார். சிலர் பிழைத்தார்கள், சிலர் அந்தக் கிருமியாலேயே மாண்டார்கள். ஏன் பிழைத்தார்கள் என்று கோலிக்கும் தெரியவில்லை, மற்றவர்களுக்கும் தெரியவில்லை. ஆகையால் அவருடைய முறையை வைத்திய உலகம் மெள்ள மெள்ளக் கைவிட்டது.

நூறு ஆண்டுகள் கழித்துத்தான் மர்மம் துலங்க ஆரம்பித்தது. மோட்டார் வண்டிக்குப் பிரேக் இருப்பதுபோல் டி அணுக்களுக்கும் பிரேக் உண்டு. அது இல்லாவிட்டால் காவல் படையே வெறி கொண்டு சொந்த உடலைத் தாக்கிவிடும். புற்று அணுக்கள் செய்யும் தந்திரம் என்ன தெரியுமா? காவலன் கிட்ட வரும்போது, அவனுடைய பிரேக்கைத் தாங்களே அழுத்திவிடுகின்றன! காவலன் செயலற்று நின்று போகிறான். இந்தப் பிரேக்குகளில் ஒன்றை ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் தாசுகு ஹொன்ஜோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1992-இல் கண்டார்கள். மற்றொன்றைத் தடுத்து நிறுத்தினால் எலிகளில் கட்டி கரைகிறது என்று அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலிஸன் 1996-இல் காட்டினார். 2018-ஆம் ஆண்டின் வைத்திய நோபெல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஆசியாக் கண்டத்தவர் ஒருவர் அதில் சமபங்கு பெற்றதில் நமக்கும் கொஞ்சம் பெருமைதான்.

பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் இப்போது பல இருக்கின்றன. நிவோலுமாப், இபிலிமுமாப், பெம்ப்ரோலிசுமாப், செமிப்ளிமாப் என்று அவற்றுக்குப் பெயர். இந்தப் பெயர்களை உச்சரிப்பதற்கே நாக்குக்குத் தனியாக ஒரு சிகிச்சை வேண்டும். ஆனால் வேலையில் அவை லேசானவை அல்ல. அறுக்க முடியாத அளவுக்கு முற்றிய கல்லீரல் புற்றில், இவ்வகை மருந்தாகிய அடெசோலிசுமாபை ரத்த நாளங்களின் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாபுடன் சேர்த்துக் கொடுத்தால், அதுவரையில் கொடுத்து வந்த மாத்திரையைவிட அதிக நாள் உயிர் வாழ முடிகிறது என்பது 2020-இல் உறுதியாயிற்று.

முற்றிய நோய்க்கே பலன் தரும் மருந்தை, அறுக்கக் கூடிய நிலையில் இருப்பவர்களுக்கும் கொடுத்தால் நோய் திரும்பாதல்லவா? எல்லாருக்கும் முதலில் தோன்றிய யோசனை, அறுத்த பிறகு கொடுப்பது என்பதே. எதிரியின் கோட்டையைத் தகர்த்துவிட்டு, சிதறி ஓடியவர்களைப் பிடிக்கப் படையை அனுப்புவதுபோல. அப்படியே செய்தார்கள். கட்டியை அறுத்தோ சுட்டோ அழித்த பிறகு, நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ள 668 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மேற்சொன்ன இரண்டு மருந்துகளையும் கொடுத்தார்கள். மற்றக் கூறைக் கண்காணித்து மட்டும் வந்தார்கள். 2023-இல் முதல் முடிவு வெளிவந்தபோது மருந்து பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்திருந்தது. உலகம் சந்தோஷப்பட்டது. மேலும் ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த அனுகூலம் கரைந்து போயிருந்தது!

இங்கேதான், "கத்தி சற்றுப் பொறுக்கட்டும்" என்கிறவர்களுடைய வாதம் வருகிறது. டி அணு என்பது பிறக்கும்போதே புற்றை அறிந்து பிறப்பதில்லை. எதிரியின் அங்க அடையாளங்களை அதற்கு யாராவது காட்ட வேண்டும். கட்டியிலிருந்து உதிரும் துணுக்குகளை வேறு சில அணுக்கள் சுமந்து கொண்டு, 'நெறி கட்டியிருக்கிறது' என்று நாம் சொல்லுகிறோமே, அந்த நிணநீர் முடிச்சுகளுக்குப் போகின்றன. அங்கே டி அணுக்களுக்கு அந்த அடையாளங்களைக் காட்டிப் பயிற்சி தருகின்றன. பயின்ற அணுக்கள் பல்கிப் பெருகி உடலெங்கும் சுற்றுகின்றன. கட்டி முழுசாக உள்ளே இருக்கும்போது அடையாளங்களுக்குப் பஞ்சமில்லை. கட்டியை வெட்டி எறிந்த பிறகு எதைக் காட்டிப் பயிற்றுவது? பாடப் புத்தகத்தைக் கொளுத்திவிட்டுப் பையனைப் பரீட்சைக்கு அனுப்புவது போலத்தான். ஆகவே, பிரேக்கை விடுவிக்கும் மருந்தை, கட்டி உள்ளே இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும்; படை பயிற்சி பெற்ற பிறகு கட்டியை அறுத்துவிட வேண்டும். மிச்சம் மீதியைப் படை பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது, நிரூபணம் வேண்டாமா? 2016-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மார்புப் புற்றுக் கண்ட எலிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். முன்னால் மருந்து பெற்ற எலிகள், பின்னால் பெற்றவற்றைவிட நெடுநாள் பிழைத்தன. எலிகளுக்கு நேர்ந்தது மனிதர்களுக்கும் நேருமா என்ற சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை. அது கல்லீரலைப் பற்றியதன்று. வெள்ளையர்களிடையே அதிகமாகக் காணும் மெலனோமா என்னும் தோல் புற்றைப் பற்றியது. ஆனாலும் கேள்வியை அவ்வளவு துல்லியமாகக் கேட்ட சோதனை வேறு இல்லை. 313 நோயாளிகள், எல்லாருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, மொத்தம் 18 தடவை. பாதிப் பேருக்குப் பதினெட்டும் அறுத்த பிறகு; மற்றப் பாதிக்கு மூன்று முன்னால், பதினைந்து பின்னால். வித்தியாசம் அவ்வளவே. இரண்டு ஆண்டு கழித்து, நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள் பின்னால் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 49. முன்னால் கொஞ்சம் பெற்றவர்களில் 72. 2023-இல் இந்த முடிவு வெளியாயிற்று. ஒரு சொட்டு மருந்துகூட அதிகம் கொடுக்காமல், நேரத்தை மட்டும் மாற்றியதனால் வந்த பலன் இது!

கல்லீரலிலும் இது பலிக்குமா என்பதில் ஒரு விசேஷச் சந்தேகம் உண்டு. கல்லீரல் சாந்த சுபாவம் உள்ள உறுப்பு. குடலிலிருந்து வரும் ரத்தமெல்லாம் முதலில் அதன் வழியாகத்தான் செல்கிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு அப்படி வருவதுதான். நாம் உண்ணும் உணவின் அந்நியப் பொருள்களும், குடற் கிருமிகளின் துணுக்குகளும் ஓயாமல் வந்து கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் போர் தொடுத்தால் கதி என்ன? ஆகவே கல்லீரல் எதையும் பொறுத்துப் போகப் பழகியிருக்கிறது. 1969-இல் ஆங்கிலேய ஸர்ஜன் ராய் கால்னும் கூட்டாளிகளும் ஒரு பன்றியின் கல்லீரலை மற்றொரு பன்றிக்கு வைத்துப் பார்த்தபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்து ஒன்றும் இல்லாமலே பல பன்றிகளின் உடல் அதை ஏற்றுக்கொண்டது கண்டு வியந்தார்கள். கல்லீரலின் இந்தப் பெருந்தன்மையைப் புற்றும் தனக்குச் சாதகமாக்கிக் கொள்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் காவல் படையைத் தட்டி எழுப்ப முடியுமா?

பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியர்கள் துணிந்து இறங்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவர்கள், சாதாரணமாக எந்த ஸர்ஜனும் அறுக்க ஒப்புக்கொள்ளாத பெரிய கட்டிகள் கொண்ட 15 பேர். நிவோலுமாபுடன் கபோசாண்டினிப் என்ற மாத்திரையையும் கொடுத்தார்கள். பிறகு 12 பேருக்கு, விளிம்பில் புற்று அணு ஒன்றும் மிஞ்சாதபடி கட்டியை அறுத்தெடுக்க முடிந்தது. அந்தப் பன்னிரண்டில் ஐவருடைய கட்டியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, முழுவதுமோ கிட்டத்தட்ட முழுவதுமோ செத்துப் போயிருந்தது. இம்முடிவு 2021-இல் வந்தது. அழிந்துபோன கட்டிகளின் நடுவே இன்னொரு விநோதத்தையும் கண்டார்கள். டி அணுக்களும் அவற்றின் துணைவர்களும் கூட்டம் கூட்டமாகத் திரண்டு, சின்னஞ்சிறு நிணநீர் முடிச்சுகளைப் போலவே கட்டிக்குள் அமைந்திருந்தன! எதிரியின் அரண்மனைக்குள்ளேயே பாசறை அமைத்துக்கொண்டு விட்டார்கள் என்று சொல்லலாம்.

மறு ஆண்டு நியூயார்க்கின் மவுண்ட் ஸினாய் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அங்கே 21 பேருக்குச் செமிப்ளிமாபை இரண்டே தடவை கொடுத்தார்கள். 20 பேருக்குக் கட்டி அறுக்கப்பட்டது. அவர்களில் நால்வருக்குக் கட்டியின் பெரும் பகுதி செத்திருந்தது. ஹூஸ்டனில் அதே ஆண்டு வெளியான சோதனையில் அறுக்கப்பட்ட 20 பேரில் ஆறு பேருக்கு அப்படி. ஐந்தில் ஒருவர், மூன்றில் ஒருவர் என்ற கணக்கு பிரமாதமில்லைதான். மற்றவர்களுக்குப் பயனில்லாத மருந்தைக் கொடுத்துக் காத்திருக்க வைத்தோமே என்ற குறை இருக்கத்தான் செய்கிறது. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல நிச்சயமான வழி ஒன்றும் அகப்படவில்லை.

இவை எல்லாம் சிறிய சோதனைகள். 2025-இல் சீனாவிலிருந்து பெரிய சோதனை ஒன்றின் முடிவு வந்தது. நோய் திரும்பும் அபாயம் உள்ள 294 பேரில் ஒரு பாதிக்கு அறுவை மட்டும். மறு பாதிக்கு முன்னாலும் பின்னாலும் காம்ரெலிசுமாப், ரிவோசெரானிப் என்ற இரு மருந்துகள். அறுவை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு ஏறக்குறைய 19 மாதத்துக்குள் நோய் திரும்பவோ முற்றவோ செய்தது. மருந்தும் பெற்றவர்களுக்கு அந்தக் கெடு 42 மாதமாக நீண்டது. நல்ல செய்தி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியாது. முன்னால் கொடுத்ததன் பலன் எவ்வளவு, பின்னால் கொடுத்ததன் பலன் எவ்வளவு என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லவில்லை. நோய் திரும்புவது தள்ளிப் போவதும் ஆயுள் நீள்வதும் ஒன்றேயாகாது. அதற்கு இன்னும் பல ஆண்டு கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி அபாயங்கள். பிரேக் இல்லாத வண்டி எங்கே போய் மோதும் என்று யார் சொல்ல முடியும்? விடுவிக்கப்பட்ட டி அணுக்கள் சில சமயம் நுரையீரலைத் தாக்குகின்றன, குடலைத் தாக்குகின்றன, தைராய்டு சுரப்பியைக் கெடுக்கின்றன, அபூர்வமாக இருதயத்தையே பிடித்துக்கொள்கின்றன. கல்லீரலையே தாக்கிவிட்டால், அறுத்த பிறகு தளிர்க்க வேண்டிய மிச்சப் பங்குக்கும் ஆபத்து. நியூயார்க் சோதனையில் ஒருவருக்கு நுரையீரல் அழற்சி கண்டு அறுவை இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று. இப்படித் தள்ளிப் போகும் நாட்களில், மருந்துக்கு மசியாத கட்டி வளர்ந்து, அறுக்கக் கூடியது அறுக்க முடியாததாகிவிட்டால்? டாக்டர்களை இரவில் தூங்கவிடாத கேள்வி இதுதான். கெட்டுப் போன கல்லீரல் முழுவதையும் எடுத்துவிட்டு வேறொருவர் தானம் செய்த கல்லீரலை வைக்கவேண்டியவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிரேக் விடுபட்ட படை, வந்த விருந்தாளியையே எதிரியென்று தாக்கி, அதனால் உயிர் போனதும் உண்டு. மருந்து உடலை விட்டு நீங்கச் சில மாதமாவது அவகாசம் தேவைப்படலாம்.

விலையையும் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்துகளுக்கு லட்சக் கணக்கில் ரூபாய் ஆகிறது. முழு ஆண்டும் கொடுப்பதைவிட, அறுப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை கொடுப்பதோடு தீருமானால் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஒருவேளை எட்டக்கூடும். இரண்டு மூன்று தடவை போதுமா என்று சோதிப்பதில், மருந்தை விற்பவர்களுக்கு எவ்வளவு உற்சாகம் இருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் கடைசியாகக் கிளம்பியிருக்கும் கேள்விதான் எல்லாவற்றிலும் விசித்திரமானது. மருந்தினாலேயே கட்டி முழுவதும் செத்துவிட்டால், பிறகு அறுப்பானேன்? மலக்குடலில் வரும் ஒரு தனி வகைப் புற்றில் நியூயார்க் வைத்தியர்கள் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். 2022-இல் அவர்கள் அறிவித்த முதல் 12 பேருக்கும் கட்டி அடியோடு மறைந்து போய், ஒருவருக்கும் கத்தி தேவைப்படவில்லை. மலக்குடலுக்குள் குழாயை விட்டு நேரில் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதிக்கலாம். கல்லீரலிலோ, உயிருள்ள கட்டியும் செத்த கட்டியும் படத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. படத்தில் கொஞ்சமும் சுருங்காத கட்டி, அறுத்துப் பார்த்தால் உள்ளே முழுவதும் செத்துக் கிடப்பதுண்டு. அதை அறுத்திருக்க வேண்டியதில்லை என்று தெரிந்து கொள்வதற்கே ஸர்ஜன் அதை அறுத்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைக்க வேண்டியிருக்கிறது.